ஈரச்சாக்குப் போர்த்திய மோட்டார்

எய்தவனிருக்க அம்பை நோகிற உலகம் இது. கல்லடியில் இருக்கும் எங்கள் பட்டறையில் மோட்டாரைப் பொருத்துகிறவன் நான் இல்லை. அதைச் சோதிக்கிறவனும் நான் இல்லை. பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிறவன் மட்டும்தான். ஆனால் மோட்டார் செத்தால் முதல் ஏச்சு எனக்குத்தான். "வந்துட்டான் பார், ஓட்டைச் சாமான வித்துப்போட்டு!" என்று இறால் பண்ணைக்காரர்கள் வாசலிலேயே தொடங்கிவிடுவார்கள். ரதீஸ் என்று எனக்கொரு பெயர் இருப்பதையே சிலர் மறந்துபோனார்கள். இதையெல்லாம் நான் யாரிடம் சொல்லி அழ? கஜானியிடம் சொன்னேன். அவள் என்னைவிடக் கொதித்துப்போய் இருந்தாள்.

கஜானி செங்கலடிக்காரி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணக்கும் புள்ளிவிபரமும் படித்தவள். எனக்கு உடன்பிறவாத தங்கச்சி. கோபம் வந்தால் மற்றவர்களுக்குப் பேச்சுக் கூடும், இவளுக்கு நின்றுவிடும். கையிலிருக்கும் ஸ்பானரை மேசையில் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் கோபம் எவ்வளவு என்று நாங்கள் மட்டுக்கட்டுவோம். பட்டறையில் அவளுடைய வேலை மோட்டார்களைச் சாகடிப்பது. பகிடி இல்லை, உண்மையாகவே அதுதான் வேலை. ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய், "புள்ள என்ன வேல செய்யிற?" என்று கேட்டிருக்கிறார். "சாமான் எப்ப சாகும் எண்டு பாக்கிற வேல மாமி," என்று இவள் சொல்லியிருக்கிறாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சே இல்லை. "கந்தோர்ல எழுத்து வேல எண்டு சொன்னா ஒன்ட வாய் கோணிப்போகுமா?" என்று அவளுடைய அம்மா இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

நாங்கள் விற்பது இறால் குளங்களுக்கான சக்கரம். மிதவையின் மேல் ஒரு மோட்டார், இரண்டு பக்கமும் துடுப்புப்போல் தகடுகள். அது சுற்றித் தண்ணீரை அடித்தால்தான் தண்ணீருக்குள் காற்றுக் கலக்கும், இறால் மூச்சு விடும். வெயில் இருக்கும்வரை இறாலுக்குப் பெரிதாகக் கவலை இல்லை. விடியப்புறம்தான் கண்டம். அந்த நேரத்தில் சக்கரம் நின்றால், காலையில் குளம் முழுக்கச் செத்த இறால் மிதக்கும். எங்கள் முதலாளி வல்லிபுரம் மோட்டாரை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து, உறையையும் ரப்பர் வளையத்தையும் சக்கரத்தையும் கல்லடியிலேயே பொருத்தி விற்கிறார். இரண்டு வருட உத்தரவாதம் என்று பெட்டியில் சிவப்பு எழுத்தில் அடித்திருக்கிறது.

இரண்டு வருடம் தாங்கும் என்று எப்படித் தெரியும்? இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டா விற்பது? அதற்குத்தான் கஜானி. பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் வாவியின் உவர்த்தண்ணீர் நிரப்பிய சீமெந்துத் தொட்டி. அதில் மிதவையோடு மோட்டாரைப் போட்டு, வழக்கத்தைவிடக் கூடிய சுமையும் கூடிய சூடும் கொடுத்து, இரவு பகல் நிறுத்தாமல் ஓடவிடுவாள். அப்படி வதைத்தால், வருடக்கணக்கில் வரவேண்டிய சாவு மாதக்கணக்கில் வரும். இந்தச் சூட்டில் இவ்வளவு காலம் தாங்கியது சாதாரண வெயிலில் எவ்வளவு காலம் தாங்கும் என்று பிறகு கணக்குப் போடுவாள். எனக்கு விளங்கிய அளவில் இவ்வளவுதான்.

கொட்டிலில் கிடந்த மோட்டார்களோ சாகிற பாடாக இல்லை. முதலாளிக்கு அது பெருமை. வருகிறவர்களைக் கோயில் சுற்றிக் காட்டுகிற மாதிரிக் கூட்டிக்கொண்டுபோய், "பாருங்க, போன வருசம் போட்டது. இண்டைக்கும் ஓடுது!" என்பார். அதே மோட்டார் குளத்துக்குப் போனால் சில மாதத்திலேயே செத்து என் லொறியில் திரும்பி வந்தது. என்ன அநியாயம் இது?

அப்படித் திரும்பி வந்ததில் அதிகம் ஜிப்ரி நானாவுடையது. ஏறாவூர்க்காரர். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். பத்து வருடம் கட்டாரில் கட்டட வேலையில் கம்பி கட்டிவிட்டு வந்து, உழைத்தது முழுவதையும் வாவிக்கரையில் ஒரு குளமாக வெட்டிப்போட்டவர். அவர் கடைசியாக லீவில் வந்துபோகும்போது தொட்டிலில் கிடந்த மகள், திரும்பி வந்த அன்று அவரை யாரோ என்று நினைத்து உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்ததாம். அதைச் சொல்லும்போது சிரிப்பார். சிரிப்பு அரைவாசியில் நின்றுவிடும்.

"தம்பி, ரெண்டாவது மோட்டரும் மௌத்து," என்றார் ஒருநாள், சாவீட்டுச் செய்தி சொல்கிற மாதிரி. ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "போன போகத்தில பாதி இறால் போயிட்டு. இந்தப் போகமும் போனா நான் திரும்பக் கட்டாருக்குத்தான் போகணும். வேற வழியில்ல. மகள் இப்பதான் என்ட மடியில வந்து இரிக்கிறா."

செத்த மோட்டாரைக் கொண்டுவந்து கஜானியின் முன் போட்டேன். நானா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் மூடியைக் கழற்றினாள். உள்ளே தண்ணீர் நின்றது, செம்புக் கம்பிச் சுருளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"அண்ணே, இதுக்குள்ள தண்ணி எப்பிடிப் போன?" என்றாள். "கொட்டில்ல ஓடுறது உள்ளுக்குக் காஞ்சி மொறுமொறு எண்டு கிடக்கு. அதே வளையம், அதே உறை."

"என்னைக் கேட்டா? நான் லொறிக்காரன்."

அவளுக்கு ஒரு சந்தேகம் முதலே இருந்தது. கொட்டிலில் ஒரே சூடு, ஒரே சுமை. குளத்தில் அப்படியா? காலையில் ஒன்று, மத்தியானத்தில் ஒன்று, மழை வந்தால் வேறொன்று. ஆகவே அவள் ஒரு புதுக் கணக்குப் போட்டாள். குளத்தில் வேளைக்கு வேளை எவ்வளவு சூடு என்று பார்த்து, ஒவ்வொரு வேளைக்கும் மோட்டாரின் ஆயுளில் எவ்வளவு செலவாகிறது என்று பிரித்து, எல்லாவற்றையும் கூட்டினாள். மத்தியானத்தில் பண்ணைக்காரர்கள் சக்கரத்தை நிறுத்திவைப்பார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். நிறுத்தியிருக்கும் நேரத்துக்குச் செலவு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டாள். அது நியாயம்தானே? ஓடாத மோட்டார் தேயுமா?

கணக்கின் முடிவைப் பார்த்து அவளுக்கே விசர் பிடித்தது. கொட்டிலில் தாங்குவதைவிடக் குளத்தில் இன்னும் அதிக காலம் தாங்கவேண்டும் என்று வந்தது. ஸ்பானர் மேசையில் விழுந்த சத்தம் முன்கடைவரைக்கும் கேட்டது.

முதலாளிக்கு அது பாயாசம் குடித்த மாதிரி. "நான் சொல்லல்லயா புள்ள? சாமான் சரி. பாவிக்கிறவன்தான் பிழை." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். சம்பளம் தருகிறவர் அல்லவா?

அடுத்த நாள் மாற்று மோட்டார் கொண்டுபோகையில் கஜானியும் லொறியில் ஏறினாள். "கடதாசியப் பாத்துப் பாத்து எனக்குத் தலைதான் இடிக்குது. குளத்தப் பாக்கணும்," என்றாள். வழி முழுக்க ஒரு சொல் பேசவில்லை. கல்லடிப் பாலத்தில் லொறி நெரிசலில் நின்றபோது மட்டும், "கெதியாப் போங்கண்ணே," என்று என்மேல் எரிந்து விழுந்தாள். பாலத்தை நான் என்ன முதுகில் தூக்கிக்கொண்டா பறப்பது?

நாங்கள் போய்ச் சேரும்போது நல்ல உச்சி வெயில். நானா குளக்கட்டில் நின்றார். செத்ததுக்கு மாற்று மோட்டாரை நான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே, ஓடிக்கொண்டிருந்த மற்றச் சக்கரத்தின் சுவிட்சை அணைத்தார். ஒரு சணல் சாக்கை எடுத்துக் குளத்துத் தண்ணீரில் முக்கினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், கொதித்துக்கொண்டிருந்த மோட்டாரின் மேல் அதைப் போர்த்திவிட்டார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிற பக்குவம் அந்தக் கையில் இருந்தது. சாக்கிலிருந்து ஆவி பறந்தது.

"என்ன நானா செய்யிறீங்க?" என்றாள் கஜானி. குரல் மாறிவிட்டது.

"ஆறுதல் குடுக்கிறன் தங்கச்சி. மனிசனுக்கு மாதிரித்தானே மிசினுக்கும்? பாருங்க, எப்பிடிக் கொதிக்கி."

"எல்லா நாளும் செய்யிறீங்களா?"

"எல்லா நாளும். இஞ்ச எல்லாரும் செய்யிறதானே, நான் கொஞ்சம் கூடுதலாப் பாக்கிறன். கட்டார்ல இந்த வெயில்ல நான் கம்பி கட்டுன. கொஞ்சம் இரிடா எண்டு செல்ல அங்க ஒரு ஆள் இல்ல. என்ட மிசினுக்கு நான் அந்த அநியாயத்தச் செய்யமாட்டன்."

கஜானி உடுப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மோட்டாரின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். என்னையும் கூப்பிட்டாள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திட்டிக்கொண்டே போனேன். வளையம் இருக்கும் இடத்தில் மெல்லிய ஒரு சத்தம், தேத்தண்ணியை உறிஞ்சுகிற மாதிரி.

"மூச்செடுக்குது அண்ணே," என்றாள். "சூட்டில உள்ளுக்கிருந்த காத்து விரிஞ்சி வெளிய போயிட்டு. இப்ப திடீரெண்டு குளிருது. போன காத்துக்குப் பதிலா வெளியில இருக்கிறத இழுக்குது. வெளியில என்ன இருக்கு? சாக்கில இருக்கிற உப்புத்தண்ணி."

கொட்டிலில் மோட்டார் ஏன் சாகவில்லை என்று அப்போது எனக்கும் விளங்கியது. அதை நாங்கள் ஒருநாளும் நிறுத்தவில்லை. சூடாகவே இருந்ததால் உள்ளே காய்ந்துபோய்க் கிடந்தது. நாங்கள் வதைத்தது என்று நினைத்தது அதற்குச் சுகம். இந்த மனிதர் அன்பாகச் செய்ததுதான் அதைக் கொன்றது.

"என்ட கணக்கில ஆறுதலுக்குச் செலவு பூச்சியம் எண்டு போட்டன்," என்றாள் கஜானி. கண் கலங்கியிருந்தது. கோபத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை. "சூட்டையும் எண்ணின, சுமையையும் எண்ணின. சூடு ஏறி இறங்கிறத எண்ணல்ல. அதுதான் கொல்லுது. படிச்சி என்ன கிழிச்சன்?"

நானாவின் முகம் செத்துவிட்டது. "அப்ப நான்தான் அதச் சாகடிச்சிட்டனா?"

"இல்ல நானா. நாங்க பிழையாச் சோதிச்சம். இஞ்ச ஆக்கள் மோட்டர எப்பிடி வெச்சிருக்கிற எண்டு பாக்காம சோதிச்சம். திருத்திற வரைக்கும் ஒண்டு செய்ங்க. நனைக்காதீங்க, நிப்பாட்டாதீங்க. ஓடவிடுங்க. தாங்கும்."

"இந்த வெயில்லயா?" என்று நானா மோட்டாரைப் பார்த்தார். பிறகு சாக்கை மெதுவாக இழுத்து எடுத்தார். "நீங்க படிச்சவங்க செல்றீங்க. செய்யிறன்."

பட்டறைக்கு வந்ததும் ஈரச்சேலையோடு நேரே முதலாளியின் அறைக்குள் போனாள். வளையத்தை மாற்றவேண்டும், இரட்டை வளையம் போடவேண்டும், கொட்டிலில் நிறுத்தி ஓட்டி நனைத்துச் சோதிக்கவேண்டும் என்றாள். முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் முகம் மலர்ந்தார்.

"அப்ப நனைச்சதால செத்தது. அப்பிடித்தானே?"

"ஓம் சேர், ஆனா…"

"ஆனா கீனா இல்ல. பிழை ஆரில எண்டு நீயே கண்டுபிடிச்சிட்டாய். கெட்டிக்காரி."

ஐயோ, நான் அந்த இடத்தில் நின்றேனே! அவள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை அப்படியே திருப்பி, வாங்குகிறவன் தலையில் கட்டினார் மனுசன். அந்தக் கிழமையே புது ஸ்டிக்கர் அடித்து வந்தது: 'இயந்திரத்தை நனைக்கக் கூடாது. இடையில் நிறுத்தக் கூடாது. மீறினால் உத்தரவாதம் இல்லை.' ஒவ்வொரு மோட்டாரிலும் ஒட்டினார்கள். அதைக் கொண்டுபோய் நீட்டி ஏச்சு வாங்கியது யார்? இந்த அம்புதான்.

கஜானி சண்டை பிடித்தாள். "இஞ்ச எல்லாருமே மத்தியானத்தில நிப்பாட்டுறாங்க சேர். ஊரே ஒரே மாதிரிப் பாவிச்சா அது பிழை இல்ல, அதுதான் பாவிப்பு. அதத் தாங்கிறமாதிரிச் செய்யிறதுதான் எங்கட வேல."

"சாக்குப் போத்தித் தாலாட்டுறதுக்கு நான் மோட்டர் விக்கல்ல புள்ள," என்றார் அவர்.

தொட்டியைத் தரமாட்டேன் என்றுவிட்டார். சாகாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த மோட்டாரை நிறுத்தினால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? சண்டை பிடித்ததில் கிடைத்தது ஒன்றுதான். ஜிப்ரி நானாவுக்கு இரண்டு புது மோட்டார், ஸ்டிக்கரோடு.

நானா சொன்ன சொல் தவறவில்லை. நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன், உச்சி வெயிலிலும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் குளக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். "பாக்க மனசு கேக்குதில்ல தம்பி," என்பார். சாக்கு கம்பி வேலியில் காய்ந்து கிடந்தது. வறண்ட கச்சான் காற்றுக் காலம் முடிந்தது, மோட்டார் சாகவில்லை. இறால் நல்ல பருமனாக வந்துவிட்டது. கஜானி வாரத்துக்கு வாரம் கேட்பாள். நான், "ஓடுது," என்பேன். அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். இறால் பிடிக்க நாள்கூடக் குறித்துவிட்டார் நானா.

மாரியின் முதல் மழை அதற்கு முந்தின கிழமை வந்தது. மத்தியானம் நல்ல வெயில், பிறகு திடீரென இருண்டு இடி முழங்கியது. கரண்ட் போனது. கொதித்துக்கொண்டிருந்த இரண்டு சக்கரமும் ஓடின நிலையிலேயே நின்றன. அவற்றின் மேல் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பின்னேரம் கரண்ட் வந்து இரண்டும் மறுபடி ஓடின. நானாவும் நிம்மதியாகப் போய்ப் படுத்தார். விடியப்புறம் ஒரு மோட்டார் ஷோர்ட் ஆனது, இரண்டுக்கும் ஒரே லைன் என்பதால் அது மற்றதையும் சேர்த்து நிறுத்தியது.

காலையில் தகவல் வந்து நானும் கஜானியும் போனோம். குளத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, நாற்றம் வீதிவரை அடித்தது என்பதைத் தவிர. நானா குளக்கட்டில் அதே இடத்தில் இருந்தார். மகள் பக்கத்தில் நின்று அவருடைய சேட் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி," என்றார், "நீங்க செல்லித் தந்தமாதிரித்தான் செஞ்ச. நான் அதுக்கு ஆறுதல் குடுக்கல்ல. கரண்ட்காரன் குடுத்துட்டான்."

கஜானி குளத்தில் இறங்கி, செத்த மோட்டாரைத் தானே கழற்றினாள். திரும்பும் வழியில் அவள் அழவில்லை. பட்டறைக்கு வந்ததும் செத்த மோட்டாரை நான் தூக்கித் தருகிறேன் என்று சொல்லக் கேட்காமல், தானே இழுத்துக்கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தாள். மூடியைக் கழற்றினாள். உப்பும் துருவும் கலந்த தண்ணீர் மேசையில் ஓடி, அவருடைய சேட்டிலும் வழிந்தது.

"ஜிப்ரி நானா நனைக்கல்ல. அவர் நிப்பாட்டல்ல," என்றாள். "ஸ்டிக்கர இப்ப ஆருக்கு ஒட்டப்போறீங்க சேர்? மழைக்கா?"

வல்லிபுரம் முதலாளி மோட்டாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஸ்டிக்கரின் பசை அந்த ஈரத்திலும் கழலாமல் மோட்டாரில் அப்படியே ஒட்டிக் கிடந்தது. "தொட்டிய எடு," என்றார் கடைசியில். அவ்வளவுதான் சொன்னார். கெட்ட பிறகு வருகிற புத்தியை வைத்து என்ன செய்வது? நானாவுக்குக் குளம் முழுக்கப் போய்விட்டது.

தை பிறந்ததும் நானா கட்டாருக்குப் போனார். மகள் இந்த முறை உம்மாவுக்குப் பின்னால் ஒளியவில்லையாம். வாசலில் வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம்.

கஜானி தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். முதலாளியின் பெருமைக்குரிய மோட்டாரை நிறுத்தி, நனைத்து, திரும்ப ஓடவிட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் சாகாதது கொஞ்ச நாளில் வாயைப் பிளந்தது. பிறகு இரட்டை வளையம் போட்ட புது மோட்டார் வந்தது. சூடேற்றுவாள், நிறுத்துவாள், ஈரச்சாக்குப் போர்த்துவாள், திரும்ப ஓட்டுவாள். நானா விட்டுப்போன அதே சாக்கு. நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பழைய மாதிரி மோட்டார்களெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்தன. புதியது ஓடிக்கொண்டே இருந்தது.

போன கிழமை நான் கொட்டிலில் நிற்கும்போது நானா கட்டாரிலிருந்து அழைத்தார். கஜானி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏதோ இரும்பு விழுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, அந்தப் புது மோட்டர் மௌத்தாகிட்டா?"

"இல்ல நானா. இன்னும் ஓடுது. சாக்குப் போட்டும் ஓடுது."

"மாஷா அல்லாஹ்! அப்ப எவ்வளவு காலம் நிக்கும்? கணக்கச் செல்லுங்க. நீங்க ஓம் எண்டு சென்னா நான் வந்து குளத்தத் திரும்ப இறைச்சு இறால் விடுறன்."

கஜானி என்னைப் பார்த்தாள். ஓம் என்று சொல்லு பிள்ளை, சொல்லித் துலை என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஆனால் ஒருதரம் "தாங்கும்" என்று சொல்லித்தான் அந்த மனிதரின் குளம் போனது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இது செத்தாத்தான் நானா கணக்குச் சரியா வரும்," என்றாள். "எப்பிடிச் சாகும் எண்டு தெரியாம நான் இன்னொருக்கா ஓம் எண்டு சொல்லமாட்டன்."

பின்னால் மறுபடி இரும்பு விழுந்தது.

"சரி தங்கச்சி," என்றார் நானா. "அப்ப அது மௌத்தாகிறவரைக்கும் நான் இஞ்ச இரிக்கிறன்."

அழைப்பு நின்றது. கஜானி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பார்த்துக் கத்தினாள். "செத்துத் துலையன் சனியனே!"

அவள் அப்படிக் கத்தி நான் கண்டதில்லை. பிறகு சுவிட்சை அணைத்தாள். சாக்கை எடுத்து வாவித் தண்ணீரில் முக்கினாள். நானா செய்த அதே பக்குவத்தோடு அதை மோட்டாரின் மேல் போர்த்திவிட்டு, காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.